சத்தம் நின்ற பிரேக்

அந்த வருடம் பைக்கில் ஏறி இறங்கிய மலைகளை இன்றும் வரிசையாகச் சொல்வேன். முள்ளய்யனகிரி, பாபாபுடன்கிரி, கெம்மண்ணுகுண்டி, கடைசியாகச் சார்மாடி காட் மலைப்பாதை. நடுநடுவே ஏரிகள்: ஹளேபீடு கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று, பேலூரை ஒட்டிய அணைநீர், சக்கராயப்பட்டணம் தாண்டி மலைகளுக்கு மத்தியில் கிடக்கும் அய்யனகெரே. கேட்பவர்களுக்குக் கண் விரியும். "கம்பெனி செலவுல டூரா? கொடுத்து வெச்சவ" என்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது இடுப்பு. அடுத்தது தாகம். பெண்கள் ஒதுங்க இடமில்லாத சாலைகளில் நாள் முழுக்கப் போகவேண்டி இருந்ததால் காலையில் அரை டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்வேன். மூன்றாவது, ஒரு கீச்சுச் சத்தம்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் போனேன்.

பொம்மசந்திராவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் டிரெய்னி எஞ்சினியர். மோட்டார் சைக்கிள்களுக்கு பிரேக் லைனிங் செய்வது எங்கள் வேலை. பிரேக்கை மிதித்தால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசும். அந்த ஷூக்களின் மேல் ஒட்டியிருக்கும் பட்டைதான் லைனிங். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்கு ஆகாது, ஆனால் சத்தம் போடாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாமல் நாங்கள் செய்த புதிய லைனிங் நன்றாகத்தான் பிடித்தது. ஈரமான காலைகளில் மட்டும் பூனைக்குட்டியின் வாலை மிதித்ததுபோல் கத்தியது. பட்டையின் இரண்டு முனைகளையும் லேசாகச் சாய்த்துச் சீவினால் சத்தம் குறையலாம் என்று மீட்டிங்கில் சொன்னது நான். சொன்னவளே போய்க் கேட்டுவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று.

கேட்பது என்றால் உண்மையாகவே காதால் கேட்பது. எங்களிடம் பொருள் வாங்கும் ஓசூர் கம்பெனியின் விதி அது. பின்சீட்டில் ஒரே ஆள் எல்லா நாளும் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் மதிப்பெண் போடவேண்டும். பத்து என்றால் சத்தமே இல்லை. ஒன்று என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஏழு வந்தால் பாஸ். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மெஷின் ஷாப் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. டாக்டர் செய்த சோதனையில் என் காதுக்குத்தான் முதலிடம்.

கிளம்பும் முன் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். "இது அப்ரூவ் ஆச்சுன்னா உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் தீபாவளிக்கு முன்னாடி கைக்கு வரும். ஆகலேன்னா எம்.டி.கிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?"

அந்த லெட்டருக்காக இன்னொருவரும் காத்திருந்தார். குடியாத்தத்தில் என் அப்பா. "பர்மனென்ட் ஆயிட்டா நான் ஒண்ணும் சொல்லல. இல்லேன்னா தை பொறந்ததும் வந்துடு. அவங்க தையில வெச்சுக்கலாம்னு கேக்கறாங்க" என்று சொல்லியிருந்தார். அவங்க என்பது ஆம்பூர்க்காரர்கள். மாப்பிள்ளைக்குத் தோல் கம்பெனியில் வேலை, சாதுவானவர் என்று கேள்வி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் வீட்டில் சொன்னதுதான் குறை. ஆக, பெங்களூரில் நான் இருப்பதா இல்லையா என்பது ஒரு பட்டையின் முனைச் சரிவில் வந்து நின்றது. அதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். யோசித்தால் காது சரியாகக் கேட்காது.

இரண்டு பைக்குகள். புதிய லைனிங் போட்ட பைக்கை ஓட்டியவர் அல்சூர்க்காரர். பிறந்தது, வளர்ந்தது, பைக் பழகியது எல்லாம் கண்டோன்மென்ட் பக்கம். நாற்பதைத் தாண்டியவர், முன்வழுக்கை, வண்டியில் ஏறும் முன் டாங்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பழைய லைனிங் போட்ட பைக்கை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே ஓட்டிவந்தவர் ஆனேக்கல்காரர். வீட்டில் கன்னடம், ஃபேக்டரியில் தமிழ், திட்டுவதற்குத் தெலுங்கு. இருவரையும் நான் அண்ணா என்பேன். அவர்கள் என்னை மேடம் என்பார்கள், பாதி கிண்டலாக.

ஆனேக்கல்காரரின் பின்சீட்டில் ஆள் கிடையாது. ஆளின் எடைக்கு மணல் மூட்டை, பெல்ட்டால் இறுக்கிக் கட்டியது. என் எடை விதியில் சொன்ன எடைக்குக் குறைவு என்பதால் எங்கள் வண்டியின் டாங்க் மேலும் ஒரு சின்ன மூட்டை உட்கார்ந்திருந்தது.

"மேடம், நல்லா துன்னுங்க. நீங்க துன்னாததால நான் வவுத்துல மண்ண கட்டினு ஓட்றேன்" என்பார் அல்சூர்க்காரர்.

"என் ஹெண்ட்தியப் பாருங்க" என்று, பெண்டாட்டியைக் காட்டுவதுபோல் தன் மூட்டையைத் தட்டுவார் ஆனேக்கல்காரர். "பசி இல்ல, தாகம் இல்ல, வலி இல்ல. எதுத்து ஒரு மாத்து பேச மாட்டா."

மூன்றாம் நாள் வாக்கில் அந்த மூட்டையின் மேல் எனக்கு நிஜமாகவே பொறாமை வந்தது.

மூட்டையில் பனி இறங்கினால் மணல் எடை கூடிவிடும். அதனால் இரவில் அதை வெளியே விட முடியாது. சிக்மகளூரில் லாட்ஜ் மேனேஜர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு இரண்டு ஆண்களைப் பார்த்தார், பிறகு அவர்கள் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"ரிலேஷன் ஏனு?" என்று உறவுமுறை கேட்டார்.

"டெஸ்டிங்" என்றார் ஆனேக்கல்காரர்.

"ஏனு டெஸ்டிங்?"

"பிரேக்கு சார். இவங்க கேப்பாங்க, நாங்க மிதிப்போம்."

மேனேஜர் முகம் இன்னும் இறுகியது. கம்பெனி லெட்டரைக் காட்டி, ஃபேக்டரிக்கு போன் போட்டுக் கொடுத்து, எனக்கு ஒரு அறையும் அவர்கள் இருவருக்கும் மூட்டைக்கும் ஒரு அறையும் வாங்குவதற்குள் நான் நின்றபடியே தூங்கியிருந்தேன்.

தினசரி வேலை இதுதான்: விடிந்ததும் கிளம்பு. எஞ்சின் சூடாகும் முன் ஊருக்குள்ளேயே மெதுவாகப் போய் பிரேக் அடி. கேள், எண்ணைச் சொல். மலை ஏறு. இறங்கும்போது விடாமல் பிரேக் பிடி. கீழே வந்ததும் டிரம்மின் சூட்டைக் குறி. மறுபடி ஏறு. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, மேகம் எல்லாம் இரண்டு பக்கமும் இருந்திருக்கும். எனக்கு முன்னால் இருந்தது அல்சூர்க்காரரின் முதுகு. சட்டையில் வலப்பக்கத் தையல் ஒன்று பிரிந்திருந்தது. பாபாபுடன்கிரியில் ஏதோ பூ மலை முழுக்கப் பூத்திருந்ததாம். திரும்பி வந்த பிறகு யாரோ சொல்லித் தெரியும்.

சத்தம் குறைந்திருந்தது என்னவோ நிஜம். முன்பு நான்கு, ஐந்து என்று இருந்தது இப்போது ஆறில் வந்து நின்றது. வெயில் ஏறிவிட்டால் ஏழு, எட்டு. விதி காலை மதிப்பெண்ணைத்தான் கேட்கும்.

"எவ்ளோ மேடம்?" என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் திருப்பாமல் கேட்பார் அல்சூர்க்காரர்.

"ஆறு."

"ஏழுன்னு கேட்டுச்சே எனக்கு."

"உங்க காது ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு அண்ணா."

"உங்க காதும்தான். கொஞ்சம் மனசு வெச்சுக் கேளுங்களேன்."

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அய்யனகெரே போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரை ஈரத்தில் காலைச் சத்தம் எப்படி என்று பார்க்கத்தான் அந்த இடத்தை வழியில் சேர்த்திருந்தோம். கரை ஓரத்து டீக்கடை அக்கா தன் வீட்டின் உள்ளறையில் எனக்குப் படுக்கை போட்டுத் தந்தார். ஆண்களுக்குக் கடை பெஞ்சு. அக்காவுக்குக் கன்னடம் மட்டும்தான். நான் உடைத்துப் பேசிய கன்னடத்துக்குச் சிரிப்பும், தட்டு நிறைய ராகிக் களியும் தந்தார். வந்து உட்கார்ந்ததும் எனக்கு அவர் காட்டிய முதல் இடம் கொல்லையில் இருந்த கழிப்பறை. கேட்காமலே காட்டினார். அவரை மறக்க மாட்டேன்.

சாயங்காலம் கரையின் மேல் பெங்களூர்ப் பையன்கள் ஒரு கும்பல். லீவுக்கு பைக் எடுத்துக்கொண்டு வந்த சாஃப்ட்வேர்காரர்கள். புது ஜாக்கெட், புது கேமரா. அதில் ஒருவர் கோயம்புத்தூர்த் தமிழ்.

"நீங்களும் ட்ரிப்புங்களா?"

"வேலைங்க. பிரேக் டெஸ்ட்."

"ஏனுங்க, ஊர் சுத்தறதுக்குச் சம்பளம் தர்றாங்களா? டேய், இங்க பாருடா, நாமெல்லாம் ஏசி ரூம்ல உக்காந்து பக் தேடிட்டு இருக்கோம்." பிறகு கேமராவை என்னிடம் நீட்டினார். "ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா? பின்னால மலை வரணும்."

மலை வரும்படி எடுத்துக் கொடுத்தேன். நீரில் மலை தலைகீழாக விழுந்திருந்ததை அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஊரே ஏரியில் வண்டி கழுவியது. டிராக்டர், மினி லாரி, சைக்கிள். அல்சூர்க்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இன்னிக்கி நாளுல பூஜை போடாம வண்டிய எடுக்க மாட்டேன் மேடம். எங்கப்பா ரிக்‌ஷா ஓட்டுன காலத்துலேர்ந்து வழக்கம்" என்றார். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அம்மா தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைப்பாள். ஃபேக்டரியில் இந்நேரம் பிரஸ் மெஷினுக்கு மாலை விழுந்திருக்கும்.

டீக்கடை அக்கா சாமந்திப் பூ, வாழைக்கன்று, எலுமிச்சை, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் எல்லாம் கொடுத்தார். அல்சூர்க்காரர் பைக்கை முழங்கால் தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டி, கரையேற்றித் துடைத்து, ஸ்பானர்களைத் துணி விரித்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்தார். பிறகு அதே துணியால் வண்டியின் இரும்பையெல்லாம் துடைத்தார். செயினுக்கு எண்ணெய். கிக்கருக்கு எண்ணெய். பிரேக் மிதியிலிருந்து பின்சக்கரம் வரை அசையும் மூட்டு ஒன்று விடாமல் பாட்டிலைச் சாய்த்துச் சொட்டு விட்டார். நான் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆனேக்கல்காரர் தன் வண்டிக்கு ஒரு பொட்டும் ஒரு பூவும் வைத்துவிட்டு இட்லிக்குப் போய்விட்டார்.

சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சையை நசுக்கிக் கிளம்பினோம். அன்று மதியம் சார்மாடி காட்டின் அடியில் ஓசூர் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து காத்திருப்பதாக ஏற்பாடு. அவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, என் எண்களையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அல்லது போடமாட்டார்.

ஊரைத் தாண்டும் முன் முதல் பிரேக். சத்தம் இல்லை.

இரண்டாவது. இல்லை.

"எவ்ளோ மேடம்?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "இன்னொரு தடவை அடிங்க."

அடித்தார். ஏரிக்கரை ஈரம், குளிர், மெதுவான வேகம். கத்துவதற்கு எல்லாக் காரணமும் இருந்தும் பிரேக் கத்தவில்லை.

"ஒன்பது" என்றேன்.

"பாத்தீங்களா! பூஜை!" என்று ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முறுக்கினார்.

பூஜையால் என்று நான் நம்பவில்லை. லைனிங் ஓடி ஓடி டிரம்மோடு நன்றாகப் பொருந்திவிட்டது, அதனால்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது நடக்கக்கூடியதும்தான். சிக்மகளூர் வரை எல்லாம் ஒன்பது. மூடிகெரே வரை ஒன்பது. வழியில் முதல்முறையாக முதுகைத் தாண்டி வெளியே பார்த்தேன். சில்வர் ஓக் மரங்கள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னதாய்ப் பச்சைத் தண்ணீர்க் குட்டைகள். அப்பாவிடம் என்ன சொல்லுவது என்று வார்த்தைகளை அடுக்கினேன். லெட்டர் வந்த பிறகு போன் செய்வதா, இப்போதே செய்வதா. ஒரு டெலிபோன் பூத் கண்ணில் பட்டது, நிறுத்தச் சொல்ல வாய் திறந்து, பிறகு மூடிக்கொண்டேன்.

காட் இறங்கத் தொடங்கியதும் பிரேக் சூடேறியது. நாலைந்து வளைவு தாண்டியிருக்கும். ஒரு வாசனை வந்தது. சாலையோரத்தில் யாரோ நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், கடை எதுவும் இல்லை. அடுத்த வளைவிலும் அதே வாசனை. எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு கொஞ்சம் வழுக்கற மாரி இருக்கு மேடம். நிக்கறதுக்கு நேரமாவுது" என்றார் அல்சூர்க்காரர்.

அப்போது புரிந்துவிட்டது. பின்பிரேக்கை விரிக்கும் தண்டு டிரம்முக்குள் நுழையும் துளையிலும் அவர் எண்ணெய் விட்டிருந்தார். அது மெல்ல உள்ளே இறங்கி, லைனிங்கில் ஊறி, இப்போது காய்கிறது. எண்ணெய் பட்ட லைனிங் கத்தாது. சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது.

"முன்பிரேக்க மட்டும் பிடிங்க. மெதுவா. ரெண்டாவது கியர்ல இறங்கலாம்" என்றேன்.

"ஏன் மேடம்?"

"கீழ போய்ச் சொல்றேன்."

மிச்சமிருந்த இறக்கம் முழுக்க நான் மலையைப் பார்க்கவில்லை, சத்தத்தையும் கேட்கவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் கீழே டீக்கடையில் நின்றிருந்தார். தமிழர், ஐம்பது வயதிருக்கும், மறுநாள் லீவு என்பதால் முகத்திலேயே கிளம்பும் அவசரம். நான் இறங்கி வாயைத் திறக்கும் முன் வண்டியை வாங்கிக்கொண்டு சமதளத்தில் ஒரு சுற்றுப் போய், நான்கு தடவை பிரேக் அடித்துவிட்டுத் திரும்பினார்.

"பரவாயில்லையேம்மா! சைலன்ட்டா இருக்கு. யாரு ஐடியா அந்த முனை சீவறது? நீயா? குட். எடு, கையெழுத்துப் போட்டுட்டு நான் கிளம்பறேன்."

அவர் கையில் பேனா இருந்தது. அல்சூர்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், தன் பிள்ளைக்குப் பரிசு கிடைத்த மாதிரி. நான் எதுவும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அன்று மாலையே அப்பாவுக்கு போன் செய்திருக்கலாம்.

நான் சொன்னதற்குப் பெரிய காரணம் ஏதாவது எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்குத் தோன்றியது இதுதான்: இது பாஸானால் ஆயிரக்கணக்கான பைக்குகளில் போகும். ஏதோ ஒரு ஈரக் காலையில் எல்லாம் சேர்ந்து கத்தும். கத்தினால் காரணம் கண்டுபிடிக்க மறுபடி யாரையாவது பின்சீட்டில் உட்காரவைப்பார்கள். யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அதை நினைக்கவே களைப்பாக இருந்தது.

"சார், போடாதீங்க. பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கணும்."

"என்னாச்சு?"

"உள்ள எண்ணெய் போயிருக்கு. காலைல பூஜை போட்டோம்."

அல்சூர்க்காரரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. சக்கரத்தைக் கழற்றியவரும் அவர்தான். டிரம் திறந்ததும் சிப்ஸ் கடை வாசனை முகத்தில் அடித்தது. லைனிங் பட்டைகள் வறுத்த அப்பளம் மாதிரி கறுத்து, விளிம்பில் பளபளத்தன. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒருமுறை முகர்ந்தார்.

"கடவுளே. இதோடயா காட் இறங்கினீங்க?" என்றார். பிறகு பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஏம்மா, நான் கிளம்பினதும் நீயே புது ஷூ மாத்திட்டு ஒரு தரம் கேட்டுருக்கலாமே. நல்லா வந்திருந்தா சொல்லவே வேண்டியதில்ல."

"நல்லா வரலேன்னா?"

மறுபடி சோதனை செய்து அனுப்பு, பார்க்கிறேன் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

ஆனேக்கல்காரர் தன் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். உள்ளே சுத்தம். "நான் சோம்பேறி. அதனால என் பிரேக்கு கிளீன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தெலுங்கில் தன்னையே ஏதோ திட்டிக்கொண்டு டீ சொல்லப் போனார்.

அல்சூர்க்காரர் ரொம்ப நேரம் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இருவது வருஷமா வண்டி ஓட்றேன் மேடம். சாமிக்குன்னு செஞ்சது இப்டி ஆயிப்போச்சே."

"நானும்தான் அண்ணா கற்பூரத்தட்டோட பக்கத்துல நின்னேன். நீங்க ஓட்டறவர், நான்தான் படிச்சு வந்தவ. துளை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்க வேலைக்கு..."

"அத விடுங்க."

அவருக்கு என் அப்பாவின் நிபந்தனை தெரியும். மலை ஏறும்போது எப்போதோ சொல்லியிருந்தேன். டூல்பாக்ஸில் இருந்த மாற்று ஷூவைப் பொருத்தினார். டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி கழுவினார். புது லைனிங் டிரம்மோடு பொருந்திவர ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பிரேக் அடிக்க வேண்டும். மறுபடி காட். பிறகு மறுபடி காட். அன்று பொழுது சாயும்போது நாங்கள் மேலே கொட்டிகெஹாரத்தில் இருந்தோம். மூவரும் ஒரே வாளித் தண்ணீரில் முகம் கழுவினோம். கழுவிய தண்ணீர் கறுப்பாகப் போயிற்று.

மறுநாள் காலை கொட்டிகெஹாரம் மேகத்துக்குள் இருந்தது. சாலை தெரியவில்லை. முதல் பிரேக்.

கேட்டது. மெல்லியதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

அல்சூர்க்காரர் எவ்வளவு என்று கேட்கவில்லை. "ஆறு" என்று நானே சொன்னேன். மறுபடி அடித்தார். "ஆறு." கொஞ்சம் பொறுத்து, வண்டியை ஓரம்கட்டி இறங்கி, தன் ஹெல்மெட்டைக் கழற்றி, ஆனேக்கல்காரரை என் வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டுச் சாலையோரம் நின்று தானே கேட்டார். நாங்கள் அவரைக் கடந்து போகும்போது பிரேக் கத்தியது.

"ஆறுதான்" என்றார்.

அங்கிருந்தே பெங்களூருக்குத் திரும்பினோம். நெலமங்களாவில் டிராஃபிக், யஷ்வந்த்பூரில் டிராஃபிக், ஓசூர் ரோட்டில் எல்லோரும் வீடு போகும் நேரம். ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடினால் சாலை வளைந்து வளைந்து இறங்கியது.

விஜயதசமி என்றாலும் எங்கள் ஃபேக்டரிக்கு லீவு இல்லை, நேரே அங்கேதான் போனேன். மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்தார். "இன்ஸ்பெக்டரு ஓகேன்னாராமே?"

"எண்ணெய் சார்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். டிரெய்னிங்கை ஆறு மாதம் நீட்டலாம், அதற்கு மேல் தன்னால் பேச முடியாது என்றார். பட்டையின் நடுவில் ஒரு பள்ளம் வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாரு" என்றார், அடுத்த ஃபைலை எடுத்தபடி.

ஃபேக்டரி கேட்டுக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று அப்பாவுக்கு போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"பர்மனென்ட் ஆச்சா?"

"இல்லப்பா. ஆறு மாசம் தள்ளிட்டாங்க."

"சரி." அவர் குரலில் வருத்தமும் இருந்தது, ஒரு விஷயம் முடிந்த நிம்மதியும் இருந்தது. "போகட்டும். நீ முயற்சி பண்ணிட்ட. அப்ப தையில..."

"தையில வரலப்பா."

பூத்துக்கு வெளியே ஷிப்ட் விட்டு ஆட்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"பர்மனென்ட் ஆனா இரு, ஆகலேன்னா வா. இதானே பேச்சு? நீ ஒத்துக்கிட்டதுதானே?"

"ஒத்துக்கிட்டேன். இப்ப மாத்திச் சொல்றேன்."

"அப்ப அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

"வேற இடம் பாக்கச் சொல்லுங்க. காக்க வெக்க வேணாம்."

"வேலையும் நிக்கல. இதுவும் வேணாம். அங்க இருந்துக்கிட்டு என்னதான் பண்ணப் போற? பிரேக்கு கத்துதான்னு கேட்டுக்கிட்டு இருக்கப் போறியா?"

"ஆமாப்பா. அது இன்னும் கத்துது."

இதை எந்தத் தைரியத்தோடும் நான் சொல்லவில்லை. எவ்வளவு என்று கேட்டால் ஆறு என்று சொல்வேனே, அந்தக் குரலில்தான் சொன்னேன். பிறகு ரிசீவர் மேஜையில் வைக்கப்படும் சத்தம். யாரோ எடுத்தார்கள். அம்மா.

"அவரு மாடிக்குப் போயிட்டாரு. நெசமாத்தான் சொல்றியா?"

"ஆமாம்மா."

"கொரல் ஏன் இப்படிக் கெடக்கு? அழுதியா?"

"இல்லம்மா. தூக்கம்."

"அந்தப் பையன் வேணாங்கறியா, இல்ல கல்யாணமே வேணாங்கறியா? அதையாவது தெளிவாச் சொல்லு. நான்தானே கீழ மேல போய்ப் பேசணும்."

"இந்தத் தை வேணாம்மா. அவ்ளோதான் இப்ப தெரியும்."

"சரி. அவரு ரெண்டு நாள் பேச மாட்டாரு. நீ போன் பண்ணாத. நான் பண்றேன்."

ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. அறையில் கூட இருக்கும் பெண் கதவைத் திறந்துவிட்டு, "டூர் எப்படி இருந்துச்சு?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குறுக்காக விழுந்தேன். மறுநாள் லேட்டாகத்தான் ஃபேக்டரிக்குப் போனேன். பள்ளம் வெட்டுவதற்கு எந்தக் கத்தி சரியாக வரும் என்று டூல்ரூமில் கேட்கவேண்டி இருந்தது.